தலையில் தண்ணி

காலடிப்பேட்டை ஸ்கேன் சென்டரில் பதினெட்டு வருடமாக ஆயா வேலை பார்க்கிறார் இருதயம்மாள். பெயர் கூப்பிடுவது, வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைப்பது, கூட வந்த ஆம்பிளைகள் மாடிப்படியில் துப்பிய பாக்கு எச்சிலைக் கழுவுவது. கழுவும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். எனக்கு அதைவிட அருவருப்பு எங்கள் டாக்டரின் பேச்சு. அங்கே ரிப்போர்ட் டைப் அடிப்பவள் நான். தினமும் கேட்டுத் தொலைக்கிறேன்.

கரோலின் கர்ப்பத்தின் இருபதாவது வாரத்தில் வந்தாள், தலைப்பிள்ளை. டாக்டர் காதில் போனை இடுக்கிக்கொண்டு, திரையைப் பார்த்தே சொன்னார்.

"ஹெட்ல ஃப்ளூயிட் ஜாஸ்தி. தலையில தண்ணி, தெரியுதா? டூ வீக்ஸ்ல ரிவ்யூ. எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்."

யார் தலை என்று சொல்லவில்லை. வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளையில் நீர் சேர்கிறது என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது. அந்த மனுஷனுக்கு அதற்குக்கூட வாய் வலிக்கும்.

வெளியே செருப்பை மாட்டிக்கொண்டே கரோலின் ஆயாவிடம் கேட்டாள். "தலைல தண்ணி ஜாஸ்தியாம். இன்னா ஆயாம்மா அது?"

"நீர் கோத்துகினு கீது. தலைக்கு ஊத்தாத, சாம்பிராணி புடி. சரியாப் பூடும்."

ஐந்து வாரம் கழித்துத்தான் திரும்ப வந்தாள். தலைவலியும் இல்லை, சளியும் இல்லை, அதனால் வரவில்லை என்றாள். திரையில் பிள்ளையின் தலைக்குள் நீர் ரொம்பவே ஏறியிருந்தது.

டாக்டர் ஃபைலைத் தூக்கிப் போட்டார். "இருபத்துநாலு வாரம் தாண்டியாச்சு. பிள்ளையை வெச்சுக்கறதா வேணாமான்னு அப்பவே வந்திருந்தா முடிவு பண்ணியிருக்கலாம். இனிமே கலைக்கணும்னா மெடிக்கல் போர்டுதான் சொல்லணும். வர வேணாம்னு யார் சொன்னது? படிச்சிருந்தாத்தானே."

கரோலின் ஆயாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது. டாக்டர்மேல் மட்டுமல்ல, அன்றைக்கு இங்கிலீஷில் ரிப்போர்ட்டை அடித்து, ஒரு வார்த்தை பேசாமல் அவள் கையில் கொடுத்த என்மேலும்தான்.

டாக்டர் போனதும் இருதயம்மாள் ஜெல்லைத் துடைக்க வந்தார். "நான்தான் பாப்பா தப்பா சொல்லிட்டேன்."

கரோலின் புடவையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"நீங்க ஒருத்தர்தான் எனக்குப் புரியிற மாறி சொன்னீங்க, ஆயாம்மா."