குருத்து ஞாயிற்றின் இரண்டாம் வாசகம்

குருத்து ஞாயிறு பூசையில் பைபிளிலிருந்து வாசிக்கப்படும் இரண்டாம் வாசகம் என்னுடையது. பதினாறு வருடங்களாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடவுளாய் இருந்தவர் அந்த இடத்தை இறுகப் பிடித்துக்கொள்ளாமல், எல்லாவற்றையும் விட்டு இறங்கி, அடிமையாகிச் சாவுவரை பணிந்து போனார் என்று சொல்லும் வாசகம் அது. எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே நிறுத்தி ஜனங்களைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பூசை முடிந்ததும் நாலு பேர் வந்து கையைக் குலுக்குவார்கள். அதற்காகவே வாசல் பக்கம் கொஞ்சம் மெதுவாக நடப்பேன்.

இந்த வருடம் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, "வாசகத்தை இனிமே அன்பியத்துக்கு ஒருத்தரா சுத்தி விடலாம்னு இருக்கோம் சார்" என்றார். தெருவாரியாகக் கூடி ஜெபிக்கும் குழுக்களுக்கு எங்களிடம் அன்பியம் என்று பெயர். இந்த முறை வாசிக்கப்போகிறவர் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்குகிறவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். "கொஞ்சம் திக்கித் திக்கித்தான் படிப்பாரு. நீங்கதான் ஒரு வாரம் கூட இருந்து பழக்கி விடணும்" என்றார் சாமியார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு கத்தினேன். என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "எந்த வாசகத்துக்கு இந்தச் சண்டை?" என்று கேட்டாள்.

"அதான், அந்தத் தாழ்மை வாசகம்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கீரை தரையெல்லாம் கொட்டியது.

சாமியார் பேச்சைத் தட்ட முடியவில்லை. வேலை நேரத்தில் மூட்டை தூக்குகிறவரால் கோயிலுக்கு வர முடியாது என்பதால், ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு நான்தான் மார்க்கெட்டுக்குப் போனேன். மூட்டை மேல் தன் துண்டை விரித்து என்னை உட்காரச் சொன்னார். பைபிளின் பொடி எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அதனால் வாசகம் முழுவதையும் கொட்டை எழுத்தில் நாலு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்க, நான் திருத்திக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள், "அர்த்தம் புரியுதாண்ணே?" என்று கொஞ்சம் கெத்தாகவே கேட்டேன்.

"தாள்மைதானே, புரியாம என்ன சார்? மூட்டைக்குக் குனிஞ்சுட்டோம்னா மேல பாக்க முடியாது. ஏத்துறவரு 'இரு'ன்னா இருக்கணும், 'போ'ன்னா போகணும். நம்ம ஆண்டவரும் பிதா சொன்னதைக் கேட்டுக் குனிஞ்சுட்டாரு, அவ்வளவுதானே?"

"அது தாள்மை இல்லண்ணே, தாழ்மை" என்று உச்சரிப்பைத் திருத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவர் தடுமாற வேண்டும் என்று மனதுக்குள் ஆசை இருந்தது. தடுமாறினால் அடுத்த வருடம் வாசகம் தானாக என்னிடம் திரும்பிவிடும்.

ஆனால் அவர் நன்றாகவே வாசித்தார். மூன்றாம் தாளின் கடைசியில் "கீழ்ப்" என்றார். நின்றுவிட்டார்.

தப்பு என்னுடையது. இடம் போதாமல் 'கீழ்ப்படிந்து' என்ற சொல்லை உடைத்து, மீதியை அடுத்த தாளின் தலையில் எழுதியிருந்தேன். அந்தத் தாளைப் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டு ஃபேன் அடித்துக்கொண்டு போய்விட்டது. மைக்கில் மறுபடியும் "கீழ்ப்" என்று கேட்டது. குருத்தோலையால் ஒன்றையொன்று குத்திக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட அடங்கிவிட்டன. சாமியார் என்னைப் பார்த்தார். மிச்ச வாசகம் எனக்கு மனப்பாடம் என்பது ஊருக்கே தெரியும். நான் எழுந்தேன். மைக்கைப் பிடிக்கத்தான் எழுந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

நான் வருவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு சங்கடமும் இல்லாமல், ஒரு எட்டு பின்னால் வைத்து எனக்கு இடம் விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரமாக வீட்டிலும் ஆபீசிலும் நான் விடாமல் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த இடத்தை, அவர் கேட்காமலே விட்டுக் கொடுத்துவிட்டார். நான் மைக்கைத் தாண்டிப் போனேன். தாள் பாடகர் குழுவின் கீபோர்டுக்கு அடியில் கிடந்தது. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முட்டி போட்டு உள்ளே தவழ்ந்து எடுத்தேன். கீபோர்டு காலில் தலை இடித்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எழுந்துபோய்த் தாளை அவரிடம் நீட்டி, "படிங்கண்ணே" என்றேன்.

அவர் முதலிலிருந்து கூட்டி, "கீழ்ப்படிந்து" என்று முழுசாகச் சொன்னார்.

பூசை முடிந்து எல்லாரும் அவர் கையைக் குலுக்கினார்கள். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. ஸ்கூட்டரில் ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் மனைவி பின்னாலிருந்து என் சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நீங்க அந்த வாசகத்தை ஒழுங்கா வாசிச்சீங்க" என்றாள்.

"நான் வாயையே தொறக்கலையே!"

"அதைத்தான் சொல்றேன்" என்றாள்.