அம்மிணி முடி

சங்ககிரி ரோட்டு நர்சரிக்காரர் அந்தச் செடியை ‘மெய்டன்ஹேர்’ என்றார். கன்னிப்பெண் முடி என்று அர்த்தமும் சொன்னார். கருப்புக் காம்பு, கொத்தமல்லி மாதிரி இலை. தொட்டியில் வைத்து விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. எங்கள் கிணற்றுச் சுவரில் அது சும்மாவே தொங்கிக்கொண்டிருந்தது. மாமியார் அதை ‘அம்மிணி முடி’ என்பார்; ஊரில் வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மிணி என்றால் அவருடைய மகள், என் நாத்தனார். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே, பதினேழு வயதில், அந்தக் கிணற்றில் விழுந்து இறந்துபோனவள். அன்று காலை கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றதற்காக அம்மாவிடம் அடி வாங்கியிருந்தாள். அதன் பிறகுதான் செடி முளைத்ததாம். கல்யாணமாகாமல் போனதால் அவளை வீட்டுக் கன்னியாக வைத்து, தை மாதம் பாவாடையும் வளையலும் படைத்துக் கும்பிடுவோம்.

பக்கத்துத் தோட்டங்காடுகளில் ஆழ்துளைப் போர் போட்டுப் போட்டு எங்கள் கிணறு வறண்டது. செடி மட்டும் பச்சை. எனக்கு அந்தப் பக்கம் போகவே உதறல். மாமியாரோ தினமும் மத்தியானம் ஒரு குடத்தோடு போய், மேலிருந்து சுவரோரமாக ஊற்றிவிட்டு வருவார். மகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், பாவம் என்று நினைத்தேன்.

போன சித்திரையில் இடுப்பு முறிந்து படுத்தார். படுத்த நாளிலிருந்து ஒரே கேள்விதான்.

“கெணத்துச் செடி எப்படி இருக்குது சாமி?”

“பச்சைப் பசேல்னு இருக்குதுங்க அத்தை.”

நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கன்னி வீட்டோடு இருந்தால் பெற்றவளுக்குச் சந்தோஷம்தானே என்று வாய்க்கு வந்ததை அளந்தேன். துளிர் விட்டிருக்கிறது என்றேன். முழ நீளம் தொங்குகிறது என்றுகூடச் சொன்னேன். அவருக்கு நாளாக நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் அழுதுவிட்டார். “இன்னும் போவ மாட்டீங்கறாளே. அத்தன கொடம் உப்புத் தண்ணி ஊத்துனேன். அது கருகுனாத்தான் அவ என்னய மன்னிச்சு உட்டுட்டுப் போவா. நா எப்படிச் சாவேன்?”

கிணற்றுக்கு ஓடினேன். கல்படியில் நாலு படி இறங்கிப் பார்த்தேன். செடி காய்ந்து கிடந்தது. உப்புத் தண்ணீரானாலும் அந்த ஈரத்தில்தான் அது பிழைத்திருந்தது போல; அவர் ஊற்றுவது நின்ற பிறகுதான் காய்ந்திருக்க வேண்டும். ஒரு இலை கூட இல்லை. காம்புகளை அப்படியே வழித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

“காஞ்சு போச்சுங்க அத்தை. இத்தன நாளும் நாந்தான் பொய் சொன்னேன்.”

“என்னயத் தேத்தறக்குச் சொல்ற.”

காம்புகளை அவர் கையில் வைத்தேன். கண் சரியாகத் தெரியாதவர். விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அழுகை நின்றுபோயிருந்தது. பிறகு அவற்றை மார்பின் மேல் வைத்து, மூன்றாகப் பிரித்து, பின்ன ஆரம்பித்தார்.

“ஆடாம உக்காரு அம்மிணி” என்றார்.