எதிர்க்கரை உடைந்த மத்தியானம்

யாங்சி ஆறு ஏரிகளோடு பின்னிக்கொண்டு ஓடும் தாழ்நிலத்தில், ஆற்றின் தென்கரை ஊர் ஒன்றுக்கு வாக்கப்பட்டு வந்தவள் சாய்யுன். பிறந்த ஊர் எதிர்க்கரையில். அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சி ஆறுவதற்குள் படகில் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டு ஊரும் ஆற்றைவிடப் பள்ளத்தில் இருந்தன. வண்டல் சேர்ந்து ஆற்றின் தரை மேலேற, ஜனங்களும் கரையை உயர்த்திக்கொண்டே போனார்கள். மழைக்காலத்தில் கூரைகளுக்கு மேலே படகு போவது அங்கே யாருக்கும் அதிசயமில்லை.

அந்த வருஷம் மேற்கு மலைகளில் பெய்த மழையும் இங்கே பெய்த மழையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஊரே கரைமேல் கிடந்தது. மண்மூட்டை சுமந்து சாய்யுனின் தோள் உரிந்துபோயிற்று. ஒரு மத்தியானம், விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று ஒரு சாண் இறங்கியது.

"எறங்குதுடா! அந்தப் பக்கம் பிச்சுக்கிச்சு, நாம பொழைச்சோம்!" என்று அடுத்த வீட்டுக்காரர் கத்தினார்.

யாரோ பட்டாசுச் சரத்தைக் கொளுத்தினார்கள். சாய்யுன் மூட்டையைப் போட்டுவிட்டுக் கை தட்டினாள். பக்கத்தில் நின்றவளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அப்புறம்தான் அண்ணன் போலின் அந்த எதிர்க்கரையில் இருப்பது நினைவுக்கு வந்தது. அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றாள்.

மறுநாள் போலினும் அவன் மனைவி ஜின்ஹுவாவும் ஒரு மீன்பிடிப் படகில் வந்து இறங்கினார்கள். நனைந்த மெத்தையும் இரண்டு வாத்துகளும்தான் மிச்சம். எருமையும் வீடும் போய்விட்டன. சாய்யுன் சோறும் உப்பு மீனும் வைத்தாள்.

"அந்த நேரத்துல இங்க வெடிச் சத்தம் கேட்டுச்சே? நாங்க கூரைமேல ஒக்காந்திருந்தோம். யாரு வெடிச்சா?" என்று ஜின்ஹுவா கேட்டாள்.

"யாரோ... விவரம் தெரியாத பசங்க, அண்ணி."

சாய்யுனின் கணவன் கென்ஷெங் குனிந்த தலை நிமிரவில்லை.

"விடு. நம்ம பக்கம் தப்பிச்சிருந்தா நாமளுந்தான் வெடிச்சிருப்போம்" என்றான் போலின்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "அண்ணே, பசங்க இல்ல. ஊரே சந்தோஷப்பட்டுச்சு. நானும் கை தட்டினேன்."

போலின் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தான். "படகு ஒழுங்கா கட்டியிருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்று வெளியே போனான். ஜின்ஹுவா மட்டும் சாப்பிட்டாள். சாய்யுன் இன்னொரு கரண்டி போடப் போனபோது, அவள் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

தண்ணீர் வடியும்வரை அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. குளிர்காலம் முழுக்கச் சாய்யுன் அக்கரைக்குப் போய், அண்ணன் வயலை மூடிக்கிடந்த மணலை வெட்டி அள்ளினாள். "போதும், வீட்டுக்குப் போ" என்று அவன் சொன்னாலும் போகமாட்டாள். ஜின்ஹுவா குடிக்க வெந்நீர் கொண்டுவந்து வரப்பில் வைப்பாள். பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாள்.

வசந்தம் பிறந்ததும் தென்கரையை இன்னும் இரண்டடி உயர்த்த வீட்டுக்கு ஓர் ஆள் வரச் சொன்னார்கள். கென்ஷெங்குக்கு இடுப்பு வலி. சாய்யுன்தான் போனாள். எதிரே போலினின் ஊர்க்காரர்களும் கூடை கூடையாக மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கரை ஓர் அடி உயர்ந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் பாயும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே கூடையைக் கவிழ்த்தாள்.