முதல் எறும்பு வரட்டும்

ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பவளைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லேப் அக்கா, அவ்வளவுதான். அவள் தொட்டால் கையில் நரம்பு தானாக எழுந்து நிற்கும் என்பார்கள். அவள் கொடுத்த ரிப்போர்ட் ஒன்றுகூட தப்பென்று திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும்தான். கணவர் போய் ஒரு வருடமாகிறது. அவர் படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு, அண்ணனைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தவள் இந்தத் தங்கச்சிதான். அவள் இருந்த தைரியத்தில்தான் லேப் அக்கா வேலைக்குப் போய்வந்தாள். அதற்கு வாய் திறந்து ஒரு நன்றி சொன்னாளா? இல்லை. வீட்டு மனுஷியிடம் போய் நன்றி என்றால் வேற்றாளாக்கியது போல ஆகிவிடாதா? மனசுக்குள் மட்டும் ஆயிரம் முறை சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் நாத்தனார் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "பெரியண்ணன் அவங்க வீட்டுக்கே வந்துடச் சொல்றாரு அண்ணி. ஒண்ணாந்தேதி வேன் எடுத்துட்டு வர்றாராம். சின்னண்ணனே இல்லாத வீட்ல எனக்கென்ன இருக்கு, சொல்லு?"

போகாதே என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்ததோ, "உன் இஷ்டம்மா." நாத்தனார் குனிந்து ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். இரண்டு பேருமே ரோஷக்காரிகள், என்ன செய்வது!

அந்த வாரம்தான் மழை பிடித்தது. மறுநாள் காலை லேப் ஜன்னலோரம் மெல்லிய இறகுகள் சிதறிக் கிடந்தன. நடுவே பெரிதாக ஒரு கறுப்பு எறும்பு. பெருக்குகிறவர் துடைப்பத்தை ஓங்கினார்.

"இருங்க, இருங்க" என்று லேப் அக்கா குறுக்கே விழுந்தாள். சாதாரணக் கட்டெறும்புக்கு நடு உடம்பு ஒட்டிப்போய் இருக்கும். இதற்கோ கூன் விழுந்த மாதிரி புடைத்திருந்தது. வயிறும் பெரிது. கண்ணாடித் தட்டில் ஏற்றி லென்ஸுக்கு அடியில் வைத்தாள். முதுகில் இரண்டு பக்கமும் சின்னத் தழும்புகள், இறகு முளைத்திருந்து உதிர்ந்த இடம். சந்தேகமே இல்லை, ராணி.

எப்படி வளர்ப்பது என்று போனில் தேடிப் படித்தாள். டெஸ்ட் டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்து ஒரு பஞ்சு, அப்புறம் ராணி, வாயில் காய்ந்த பஞ்சு. இருட்டில் வைக்க வேண்டும், ஆட்டக் கூடாது, வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் எட்டிப் பார்க்கக் கூடாது. சாப்பாடுகூட வேண்டாமாம். முன்பு இறகடிக்க உதவிய சதையைத் தன் உடம்புக்குள்ளேயே கரைத்து முதல் பிள்ளைகளுக்கு ஊட்டி ஆளாக்கிவிடுமாம். லேப் அக்கா அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

டியூபை டிபன் பையில் பத்திரமாக வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவள் எறும்புகளுக்கு எமன். சமையலறையைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோட்டை கட்டிவைத்திருப்பவள். டியூபை வாங்கிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"என்ன அண்ணி, எறும்புக்கு ஊசி போடப் போறியா? ஸ்பிரிட் வாசனை அடிக்குதே!"

லேப் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழக்க தோஷம்! காய்ந்த பஞ்சு எடுக்க வேண்டிய கை, தினமும் போகிற ஸ்பிரிட் ஜாடிக்கே போயிருக்கிறது. உள்ளே ராணி ஒருக்களித்துக் கிடந்து காலை இழுத்துக்கொண்டிருந்தது.

"தள்ளு!" என்று நாத்தனார் பஞ்சைப் பிடுங்கிப் போட்டாள். முந்தானை நுனியால் மெதுவாக விசிறினாள். கால்மணி நேரம். எமனாக இருந்தவள் "எழுந்திரு தாயி, எழுந்திரு" என்று கெஞ்சினாள். கடைசியில் ராணி தடுமாறி எழுந்து, உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டது. தையலுக்கு வைத்திருந்த புதுப் பஞ்சால் டியூபை அடைத்து, கறுப்புத் துணியில் சுற்றி, மெஷின் ஆட்டம் எட்டாத அலமாரியில் வைத்தவளும் நாத்தனாரேதான்.

"நல்லவேளை நீ இருந்த" என்றாள் லேப் அக்கா. அவள் சொன்னது எறும்புக்காக மட்டுமல்ல. நாத்தனார் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ, தெரியாது.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் காப்பியோடு அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். முதல் ஞாயிறு ஏழு முட்டை. பிறகு முட்டைகள் புழுவாயின. ராணி அவற்றை வாயில் கவ்வி ஈரத்துக்குப் பக்கத்தில் அடுக்கியது. ஒன்றாந்தேதி நெருங்கியபோது பெரியண்ணன் போன் செய்தார்.

"முதல் எறும்பு வரட்டும்ணே, பாத்துட்டு வர்றேன்" என்றாள் நாத்தனார்.

"ஏண்டி, உனக்குப் புத்தி பிசகிடுச்சா?" என்று அவர் சிரித்தார். லேப் அக்காவுக்கு அந்த ராணியைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. எறும்பு வரும்வரை இவள் இருப்பாள்.

புழுக்கள் பழுப்பு நிறக் கூடு கட்டிக்கொண்டன. ஆறாவது ஞாயிறும் கூடுதான். செவ்வாய்க்கிழமை காலை, நாத்தனார் குளிக்கப் போனதும் மனசு கேட்காமல் லேப் அக்கா துணியை விலக்கினாள். ராணியின் காலடியில், வெளிறிப்போய், நூல் மாதிரிக் காலோடு, குட்டியாக ஓர் எறும்பு. குதிக்க வேண்டியவள் குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று துணியை மூடினாள்.

"என்ன அண்ணி, வந்துச்சா?" குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"இல்ல, இல்ல."

இருபத்தாறு வருடத்தில் முதல் பொய் ரிப்போர்ட்! அதைக் கொடுத்துவிட்டு, தேள் கொட்டிய திருடன் மாதிரி விழித்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஆனால் முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைக்க முடியும்? குட்டி எறும்பு பிறந்துவிட்டால் சாப்பாடு போட்டாக வேண்டும், போடாவிட்டால் மொத்தக் குடும்பமும் பட்டினி. வியாழக்கிழமை பல் குச்சி நுனியில் சர்க்கரைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, மெஷின் சத்தம் கேட்கிற நேரமாகப் பார்த்து, பஞ்சை மெல்ல உருவினாள்.

உள்ளே ஒரு சட்டைப் பொத்தான் கிடந்தது. அதன் குழியில் சர்க்கரைத் தண்ணீர். மூன்று குட்டிகள் சுற்றி நின்று குடித்துக்கொண்டிருந்தன. ஒன்று வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போய் ராணியின் வாயோடு வாய் வைத்து ஊட்டியது. இத்தனை நாள் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் காணாத ராணி, அசையாமல் வாங்கிக்கொண்டது.

மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. லேப் அக்கா திரும்பினாள். நாத்தனார் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"எப்போ பாத்த?" என்றாள் லேப் அக்கா.

"திங்கக்கிழமையே."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா கிளம்பணுமே அண்ணி." நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "நீ ஏன் சொல்லல?"

லேப் அக்கா அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். ரோஷமாவது மண்ணாங்கட்டியாவது! "போகாதடி. உங்கண்ணனுக்கு நீ செஞ்சதுக்கு எத்தனை ஜென்மம் எடுத்தாலும் ஈடாகாது. அன்னைக்கே சொல்லியிருக்கணும், வாய் வரல. நீ இல்லாம இந்த வீட்ல என்னால இருக்க முடியாது."

"இதைச் சொல்ல உனக்கு ஒரு எறும்பு குட்டி போடணுமா?" என்று நாத்தனார் சண்டைக்கு வருவது போல ஆரம்பித்து, முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

அன்று லேப் அக்கா வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். மத்தியானம் பெரியண்ணன் போன் செய்தார். லேப் அக்காதான் எடுத்தாள்.

"எறும்பு வந்துடுச்சா இல்லையாம்மா? வேனுக்குச் சொல்லணும்."

"வந்துடுச்சுங்க, மூணு வந்திருக்கு" என்றாள். "உங்க தங்கச்சி வரமாட்டா. அவ வீடு இதுதான்."