வாரா வாரம் கிருகப்பிரவேசம்

புதுச்சேரியில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கும். இந்த ஊரில் இரண்டு நாள் தங்க வருகிறவனுக்குக் கிடைக்கும் மரியாதை, இரண்டு வருடம் தங்க வருகிறவளுக்குக் கிடையாது. கடலுக்குப் பக்கத்துத் தெருக்களில் ஒரு ஜன்னல் கொஞ்சம் அழகாக இருந்தால் போதும், அந்த வீடு ஓட்டலாகியிருக்கும். தப்பித்த வீடுகளுக்குச் சொல்லும் வாடகையைக் கேட்டால், வீட்டோடு சேர்த்து பீச் ரோட்டையும் எழுதிக் கொடுக்கப் போகிறார்களோ என்று சந்தேகம் வரும்.

எனக்கு ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை. நாளெல்லாம் அடுத்தவர் வீட்டைக் கணினியில் வரைவேன். யாரோ ஒருவருடைய படுக்கையறைக்கு எந்தப் பக்கம் காற்று வரும் என்று மூளையைக் கசக்கிவிட்டு, சாயங்காலம் ரெட்டியார்பாளையத்தில் நான்கு பேர் படுக்கும் ஹாஸ்டல் அறைக்குத் திரும்புவேன். அங்கே எனக்கென்று இருந்தது ஒரு மேல்கட்டிலும், தலைக்கு நேரே ஓடாத ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும்தான். ஒரு வருடத்தில் அது மூன்றாவது ஹாஸ்டல்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. விருத்தாசலத்தில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டிலேயே இருந்தவர். எங்கள் சிறுவயதில் எத்தனை வீடு மாறினோமோ, எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஒரே பாட்டுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதனால் எங்கள் வீட்டுக் காலண்டர் எப்போதும் ஜன்னல் கம்பியில்தான் தொங்கும். காற்றடித்தால் தேதி தெரியாது. அப்பாவின் கண்டக்டர் சீருடைப் படம்கூட பீரோவின் மேல் சாய்த்துத்தான் வைக்கப்பட்டிருந்தது. அப்படி வாழ்ந்த மனிதர், மூன்றாவது ஹாஸ்டலுக்கு நான் மூட்டை கட்டியபோது போனில் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"வீடுன்னு ஒண்ணு அமைஞ்சா அங்க இரு. இல்லன்னா தீபாவளியோட வேலைய விட்டுட்டு வந்துடு. இப்படி பொட்டிய தூக்கிட்டுத் திரியறதுக்கு உன்ன படிக்க வக்கல."

அப்பா அதிகம் பேசமாட்டார். பேசினால் மாற்றமாட்டார். வேலையையும் இந்த ஊரையும் விட எனக்கு மனசில்லை. கடற்கரையில் தனியாக உட்கார்ந்து சுண்டல் தின்றால் யாரும் ஏன் என்று கேட்காத ஊர் இது. ஆகவே வெறி பிடித்தாற்போல வீடு தேடினேன். தனியாக இருக்கும் பெண் என்றதும் வீட்டுக்காரர்களின் முகம் ஒரு மாதிரி போகும். "கூட யார் இருப்பாங்க?" என்பார்கள். அரியாங்குப்பத்தில் ஒருவர் என் அம்மாவை வரவழைத்துக் காட்டினால்தான் சாவி என்றார். அம்மா வந்தால் அவருக்கே வீடு பிடிக்காது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கடைசியில் குருசுக்குப்பத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒரு போர்ஷன் கிடைத்தது. ஒரு ஹால், ஒரு சின்ன அறை, ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே போகவேண்டிய ஒரு சமையலறை, அப்புறம் ஒரு மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால் கடல் தெரியும். கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். அவருடைய கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அது இன்றைக்கும் சொல்தா வீடுதான், அதாவது சிப்பாய் வீடு. அவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் பாரீஸில். தெருவே அந்த அம்மாவை மதாம் என்று கூப்பிட்டது. நான் முதல் நாள் ஆன்ட்டி என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையில் நானும் மதாமுக்கு மாறிவிட்டேன்.

மதாம் எதையாவது முடிவாகச் சொல்லப்போகிறார் என்றால் பிரெஞ்சில் "அலோர்" என்று ஆரம்பிப்பார். வாடகை பேசும்போதும் அப்படித்தான் ஆரம்பித்தார். திங்கள் முதல் வெள்ளி வரை வீடு என்னுடையது. சனிக்கிழமை காலை முதல் ஞாயிறு சாயங்காலம் வரை அதைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுவார். அந்த ஒரு ராத்திரி நான் கீழே அவர் வீட்டு முன்னறையில் படுத்துக்கொள்ளலாம். வாடகை பாதி. முழு வாரமும் வேண்டுமென்றால் என் சம்பளம் முழுவதையும் அவரிடம் கொடுத்துவிட்டு நான் கடல் காற்றைத்தான் குடிக்கவேண்டும்.

இப்படி ஒரு ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. சரி என்றேன். அம்மாவிடமும் அப்பாவிடமும் வீடு கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். வாரத்தில் எத்தனை நாள் என்று அவர்கள் கேட்கவில்லை. யார்தான் கேட்பார்கள்?

ஒரு திங்கட்கிழமை காலை, புதுப் பாத்திரத்தில் பால் காய்ச்சிக் குடியேறினேன். பால் பொங்கும்போது மதாம் வாசல்படியில் நின்று பார்த்தார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பூசைக்குப் போகிறவர், ஆனாலும் பால் பொங்கியபோது கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு, இவ்வளவு பாலையும் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டு, இரண்டு டம்ளர் காப்பி போடச் சொன்னார்.

ஐந்து நாள் ராணி மாதிரி இருந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ராஜ்யம் போயிற்று. துணிமணி, சீப்பு, சாமி படம், அம்மா கொடுத்த இட்லிப் பொடி எல்லாம் ஹாலில் இருந்த இரும்பு பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். படுக்கைக்கு வெள்ளை விரிப்பு. குளியலறையில் சின்னச் சின்ன சோப்பு. சனிக்கிழமை காலை, பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாராவது கூலிங் கிளாஸும் தொப்பியுமாக வந்து என் வீட்டுக்குள் நுழைவார்கள். நான் கீழே மதாமோடு உட்கார்ந்து, தலைக்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் நாற்காலி அது. இழுத்தால் கால் கழன்றுவிடும் என்று எனக்குத்தான் தெரியும்.

எரிச்சலாகத்தான் இருந்தது. ஊரே விடுமுறைக்கு ஏங்கும், எனக்கு மட்டும் காலண்டரில் சிவப்பு நிறத்தைப் பார்த்தாலே பீரோ சாவிதான் ஞாபகம் வரும். தொடர்ந்து மூன்று நாள் லீவு வந்தால் மூன்று நாளும் வீடு போச்சு. வந்தவர்கள் என் மிளகாய்த்தூள் டப்பாவை எங்கே வைத்தார்கள் என்று தேடுவதிலேயே பாதித் திங்கட்கிழமை ஓடும். குளியலறை முழுக்கக் கடல் மணல். ஒரு தடவை யாரோ என் கறிவேப்பிலைச் செடியை மொட்டை அடித்திருந்தார்கள். இன்னொரு தடவை வந்தவர்கள் வாடிக்கிடந்த அதே செடிக்குத் தண்ணீர் ஊற்றி, தொட்டியை வெயில் படும் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களைத் திட்ட முடியவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. அவர்கள் கார் கிளம்பியதும் நானும் மதாமும் துடைப்பத்தோடு ஏறுவோம். மணலைப் பெருக்கி, விரிப்பை உருவி, பீரோவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன். இரண்டாவது வாரமே மதாம் ஒரு பாத்திரத்தில் பாலோடு வந்தார்.

"திரும்பவும் குடி வர்றல்ல? காய்ச்சு" என்றார்.

அன்றிலிருந்து வாரா வாரம் பால் பொங்கியது. ஊரில் ஒருத்திக்கு வாழ்நாளில் ஒரு கிருகப்பிரவேசம் நடந்தாலே பெரிய விஷயம், எனக்கு மாதம் நான்கு நடந்தது. பால் பொங்கி, காப்பி கலந்து, இருவரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து வந்தவர்களைப் பற்றி வம்பு பேசுவோம். மதாமுக்கு அதில் தனி ருசி. வக்கான்ஸுக்கு, அதாவது விடுமுறைக்கு, வரும் பேரப்பிள்ளைகளைவிட என்னோடு அதிகம் பேசுவதாக ஒரு நாள் சொன்னார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. பெற்ற அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் அந்தக் காப்பிக்கு முன்னால் சொல்லியிருக்கிறேன்.

தீபாவளி கழிந்து, பொங்கலும் போன பிறகு ஒரு சனிக்கிழமை. மத்தியானம் வாசலில் ஆட்டோ நின்றது. அம்மாவும் அப்பாவும் இறங்கினார்கள். அரியாங்குப்பத்தில் ஒரு கல்யாணம், சாப்பாடு முடிந்ததும் மகள் வீட்டைப் பார்க்காமல் போவதா என்று கிளம்பி வந்துவிட்டார்கள். சொல்லாமல் வந்து அசத்தலாம் என்பது அம்மாவின் யோசனை. அம்மாவின் கையில் கல்யாண வீட்டுத் தாம்பூலப்பை, அப்பாவின் கக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு தட்டையான பொட்டலம்.

நான் மதாம் வீட்டு முன்னறையிலிருந்து ஓடிவருவதற்குள் அப்பா வெளிப்படிக்கட்டில் பாதி ஏறிவிட்டார். மாடியில்தான் வீடு என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருந்தேனே. கதவைத் தட்டினார். அரைக்கால் சட்டை போட்ட ஒரு பெண், என் கரண்டியைக் கையில் பிடித்தபடி திறந்தாள். உள்ளே இன்னும் நாலைந்து பேர். அப்பா என் பெயரைச் சொல்லிக் கேட்டார். அப்படி யாரும் இங்கே இல்லை, நாளைவரை நாங்கள்தான் புக் செய்திருக்கிறோம் என்று அவள் மரியாதையாகவே சொன்னாள்.

அப்பா இறங்கி வந்தார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, பொட்டலத்தைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றார். வாரத்துக்கு ஒரு தரம் வெளியே தள்ளும் இடத்துக்குப் பெயர் வீடு இல்லை, சத்திரம் என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அழுகை வந்துவிட்டது. அப்பா சொன்னது எனக்கே ஒவ்வொரு சனிக்கிழமையும் தோன்றியதுதானே.

மதாம் அதுவரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தார்.

"அலோர், வீட்டப் பாக்கத்தான வந்தீங்க. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் இருங்க. பாத்துட்டு அப்புறம் கூட்டிட்டுப் போங்க."

அப்பா மறுக்கப் பார்த்தார். அதற்குள் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு நான்கு பேரும் கீழே இருந்தோம். மேலே நாற்காலி இழுபட்ட ஒவ்வொரு முறையும் அப்பா விட்டத்தைப் பார்த்தார். அந்தப் பொட்டலத்தை மட்டும் அவர் பிரிக்கவே இல்லை.

ஞாயிறு சாயங்காலம் கார் கிளம்பியது. வழக்கம்போல நானும் மதாமும் துடைப்பத்தோடு ஏறினோம். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து என் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டார். நான் பீரோவைத் திறந்து சாமி படத்தையும் சீப்பையும் இட்லிப் பொடியையும் எடுத்து வைத்தேன். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். அப்பா வாசல் நிலையைப் பிடித்தபடி நின்று, நான் எதை எங்கே வைக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். மதாம் பாலைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். பால் பொங்கியது. அம்மா அடுப்பைப் பார்த்துக் கும்பிட்டார். மதாம் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

காப்பி குடித்து முடித்த பிறகு அப்பா பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு மரப்பலகை. விருத்தாசலத்தில் சொல்லிச் செய்திருக்கிறார். வெள்ளை எழுத்தில் என் பெயர் மட்டும். அவர் பெயர்கூட இல்லை. வீடு கிடைத்தது என்று நான் சொன்ன வாரமே செய்யக் கொடுத்தாராம். அம்மாதான் பிறகு சொன்னார்.

அப்பா பலகையை மடியில் வைத்துக்கொண்டு மதாமைப் பார்த்தார். குரல் ரொம்பத் தணிந்திருந்தது. எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய குரல் அது.

"ஆணி அடிக்கலாங்களா?"

"அவ வீட்டுக் கதவுக்கு எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? அவளக் கேளுங்க" என்றார் மதாம்.

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் தலையை ஆட்டினேன். மதாம் கீழே போய்ச் சுத்தியல் எடுத்து வந்தார். அப்பா கதவில் பென்சிலால் குறி வைத்து, ஒரு முறைக்கு இரண்டு முறை அளந்து, மெதுவாக ஆணியை இறக்கினார். வெள்ளிக்கிழமை கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறேன் என்று நான் மதாமிடம் சொன்னேன்.

"எதுக்குக் கழட்டற? வர்றவங்க யார் வீட்டுக்கு வந்துருக்கோம்னு தெரிஞ்சிகிட்டு வரட்டும்."

ராத்திரி பஸ்ஸுக்கு அம்மாவும் அப்பாவும் மட்டும் கிளம்பினார்கள். பெட்டியைப் பற்றி அப்பா அதன் பிறகு பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை சென்னையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். வழக்கம்போல நான் கீழே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்களில் ஒருத்தி இறங்கி வந்து, கதவில் போட்டிருக்கும் பெயர் யாருடையது என்று கேட்டாள். என்னுடையதுதான் என்றேன்.

"ஒங்க வீடு ரொம்ப நல்லாருக்குங்க" என்றாள்.

நாற்காலியை மட்டும் இழுக்காமல் தூக்கி வைக்கச் சொன்னேன். மற்றபடி உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்படிச் சொல்வதற்கு முதலில் நமக்கு ஒரு வீடு இருக்கவேண்டும்.