காதால் வைத்த டைமிங்

நண்பனின் காரைக் கெடுத்தது நான்தான். தெரியாமல் செய்ததல்ல, பொறாமையில் செய்தது.

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரே தெருவில் இருக்கிறோம். இருவரிடமும் ஒரே மாடல் பழைய கார். எஞ்சினில் ஸ்பார்க் எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதை, அதில் டிஸ்ட்ரிப்யூட்டரைக் கையால் லேசாகத் திருப்பித்தான் வைக்க வேண்டும். பொறியியல் படித்த நான், ஸ்பார்க் விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்து, புத்தகத்தில் சொன்ன குறிக்கு வைப்பேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தைக் கேட்டே வைப்பான். நந்தி மலை ஏற்றத்தில் அவன் கார்தான் என்னைத் தாண்டிப் போகும்.

"உன் லைட்டைக் கல்யாண மண்டபத்துல மாட்டுடா" என்பான். அவன் மனைவி சிரிப்பார். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து மறுபடி லைட்டை எடுப்பேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு, அடிவாரத்திலேயே என் கார் கொதித்து நின்றது. "விடு மச்சான், என் வண்டில ஏறு" என்று சொல்லிவிட்டு அவன் காபி வாங்கப் போனான். ஏறுமுன் சூடு தணியட்டும் என்று அவன் கார் பானெட்டைத் திறந்து வைத்திருந்தான். போல்ட்டைத் தளர்த்தி, ஸ்பார்க் முந்தி விழும்படி டிஸ்ட்ரிப்யூட்டரைத் திருப்பி, மறுபடி இறுக்கினேன். அப்படி வைத்தால் ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் போகும். சில மாதங்களாக அவனுக்குக் காலிங் பெல்கூடக் கேட்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஏறினோம். தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போலச் சத்தம். "எப்படி இழுக்குது பாத்தியா?" என்றான். "ஆமா" என்றேன். கடைசி வளைவுக்கு முன் புகை வந்து கார் நின்றது.

அதன்பின் அவன் பானெட்டைத் திறக்கவே இல்லை. "காது போச்சுடா. டைமிங்கைத் தப்பா வெச்சிருக்கேன், அதுகூடத் தெரியல" என்றான். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அவன் வீட்டுக்குப் போய், மனைவியின் முன்னாலேயே நடந்ததைச் சொன்னேன்.

"திருப்பினது நீ. சரி. கேக்காதது நான்தானே?" என்றான்.

அடுகோடிப் பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் புது பிஸ்டன் போட வைத்தேன். தினமும் அங்கே போய் நின்றேன். கார் வந்ததும் டைமிங்கை அவனையே வைக்கச் சொன்னேன். மறுத்துவிட்டான். லைட்டைப் பிடித்து நான்தான் வைத்தேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறான். கிளம்புமுன் ஆக்சிலரேட்டரை மிதித்து, "தட்டுதா?" என்று என்னைக் கேட்கிறான். "இல்ல" என்கிறேன். தலையாட்டிவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பி மனைவிக்குக் குரல் கொடுக்கிறான்: "ஏய், கொஞ்சம் வெளிய வா. நீயும் கேட்டுச் சொல்லு."