டிரிகருக்கும் சுத்தியலுக்கும் நடுவே

பாலாநகரில் ஒரு சிறிய தனியார் நிறுவனத்தில், துப்பாக்கி வடிவமைக்கும் குழுவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று செகந்திராபாத்தில் எங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் காது கொடுக்கவில்லை.

நாங்கள் செய்தது புல்பப் வகை ராணுவ ரைஃபிள். சாதாரண ரைஃபிளில் தோட்டாப் பெட்டி டிரிகருக்கு முன்னால் இருக்கும். இதில் பின்னால், தோளை ஒட்டி இருக்கும். குழலின் நீளத்தைக் குறைக்காமலே துப்பாக்கி குட்டையாகிவிடும். வண்டிக்குள் நெருக்கியடித்து உட்காரும் சிப்பாய்க்கு அது வசதி. ஆனால் விரல் அழுத்தும் இடம் முன்னால், தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் விழும் இடம் பின்னால். நடுவில் ஒரு நீண்ட கம்பி அந்த அழுத்தத்தைக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கம்பி என் பொறுப்பு.

சுட்டுப் பார்ப்பதற்கு ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரை ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள். வேலூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் இருந்தபோது துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போனவர். உப்பலில் வீடு. அந்த அலுவலகத்தில் தமிழ் பேசியது நாங்கள் இருவர்தான் என்பதால் மதியம் சேர்ந்தே சாப்பிடுவோம். நான் அவரை அண்ணா என்பேன். அவர் கடைசிவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார்.

முதல் மாதிரியைச் சுட்டுவிட்டு வந்தவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"சேத்துல கால வெச்சா மாதிரி கீது மேடம். அழுத்திக்கினே போறேன், எப்ப வெடிக்கும்னு வெரலுக்கே தெரில."

கம்பி வளைகிறது என்று புரிந்தது. கனமான எஃகில் மாற்றினேன். கம்பி ஓடும் பள்ளத்தை இறுக்கமாக்கினேன். மாதக்கணக்கில் இது நடந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர் நகருக்கு வெளியே இருந்த சுடுதளத்துக்குப் போய்ப் படுத்துச் சுட்டார். கடைசியில் ஒருநாள், டிரிகர் கண்ணாடிக் குச்சி முறிகிற மாதிரி சுத்தமாக விடுகிறது என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

புழுதிச் சோதனையில் அதே கம்பி மாட்டிக்கொண்டது. இறுக்கமான பள்ளத்தில் மண் புகுந்துவிட்டால் டிரிகர் திரும்பி வருவதில்லை. பள்ளத்தைத் தளர்த்தினால் புழுதியிலும் ஓடியது, ஆனால் பழையபடி சேறு. இறுக்கினால் நம்ப முடியாது, தளர்த்தினால் குறி தப்பும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கும் என்று நான் நம்பினேன். அவரும் நம்பினார். அதனால் இன்னும் சுட்டார்.

இந்த வகைத் துப்பாக்கியில் வெடிப்பு முழுவதும் கன்னத்துக்குப் பக்கத்தில் நடக்கிறது. குழல்வாயும் காதுக்குக் கிட்டத்தில்தான். கட்டையில் கன்னத்தை வைத்ததும் காது மூடி கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். நானும் பஞ்சு, ரப்பர், வேறு மூடி என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். சில நாள் "நக்கோண்ணா, இன்னிக்கு இது போதும்" என்று தடுத்திருக்கிறேன். இன்னும் ஒரு பெட்டி என்பார்.

பாலைவனத்தில் நடந்த ராணுவச் சோதனைக்கு அவரைத்தான் அனுப்பினார்கள். இறுக்கமானது ஒன்று, தளர்ந்தது ஒன்று என இரண்டு ரைஃபிள்கள் போயின. மறுநாள் போன் செய்தார். முதலாவது மணலில் நின்றுவிட்டது. இரண்டாவது நிற்காமல் ஓடியும் குண்டுகள் இலக்கில் எங்கெங்கோ சிதறின. பட்டாளத்துக்காரர்கள் மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டுப் போனார்களாம். நான் ஒரு கேள்வி கேட்டேன். அவர் ஹலோ, ஹலோ என்றார். சிக்னல் இல்லை என்று நினைத்தேன். அவர் திரும்பி வந்து, எதிரில் உட்கார்ந்து நான் பேசும்போதும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் சிக்னல் அல்ல, காதுதான் என்று அப்போது தெரிந்தது.

நிறுவனம் அந்த ரைஃபிளைக் கைவிட்டது. விதிப்படி, அதிகாரிகள் முன்னால் மாதிரிகளை கேஸ் கட்டரால் வெட்டினார்கள். என்னை ட்ரோன் பாகங்கள் செய்யும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவரை இனி வர வேண்டாம் என்றார்கள். காதுக்கு வைத்தியம் நிறுவனம் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் போய்க் கேட்டேன். பட்டாளத்தில் அத்தனை வருடம் வெடிச்சத்தம் கேட்டவர், எந்தச் சத்தம் கெடுத்தது என்று யாரால் சொல்ல முடியும் என்று அவர் நிதானமாகக் கேட்டார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சண்டை போட வந்திருக்கும்.

அண்ணா கச்சிபௌலியில் ஒரு அடுக்குமாடி வாசலில் காவலுக்குச் சேர்ந்தார். கார்களின் ஹாரன் கேட்காமல் கேட்டைத் திறக்கவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பலுக்குப் போனேன்.

உட்காரச் சொல்லிவிட்டு அவர் முதலில் கேட்டது டிரிகரைப் பற்றித்தான்.

"அந்த சுத்தமான டிரிகரு மேடம், அத்த யாராவது எட்த்துக்கினாங்களா?"

வெட்டிவிட்டார்கள் என்றேன். கேட்கவில்லை. உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். கடைசியில் அவர் மனைவி குனிந்து காதோடு சொன்னார்.

அவர் என்னைப் பார்த்து, "அப்ப நா சுட்டதெல்லாம்?" என்றார்.

இன்னொரு நிறுவனத்துக்கு, இன்னொரு துப்பாக்கிக்கு அந்த அனுபவம் உதவும் என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். அவர் தலையாட்டிய விதத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிந்தது. நான் மறுபடி சொல்லவில்லை. சொன்னது உண்மையுமில்லை.

டீ குடித்தோம். அவர் மனைவி மெட்ரோ வரைக்கும் கூட வந்தார். காதில் மாட்டும் மெஷின் வாங்கியாயிற்று, கூவுகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார் என்றார். படி ஏறுவதற்கு முன்னால், உங்க ஆபீசில் உட்கார்ந்தபடி பார்க்கிற மாதிரி ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டார். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை கேட்டேன். இல்லை என்றார்கள். அதைப் போனில் அவர் மனைவியிடம் சொன்னேன். "பரவால்லம்மா" என்றார். பின்னால் டிவி மிகவும் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.